பிடிபடும் முன், விடுபட்ட பின்: போதைப்பொருளைத் தடுக்க அக்கம்பக்கத்தால் என்ன செய்ய முடியும்?

15.9.

சிங்கப்பூரில் போதைப்பொருள் உட்கொண்டதாகச் சொன்னவர்கள் அதை முதன்முதலில் தொட்ட சராசரி வயது அது. மனநலக் கழகம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் 6,500க்கும் அதிகமானோரிடம் நடத்திய ஆய்வில் தெரியவந்த எண்.

16 வயதுகூட நிரம்பவில்லை. உயர்நிலைப்பள்ளிச் சீருடை போடும் வயது.

அந்த வயதில் பாசிர் ரிஸில் வளரும் ஒருவரின் நாள் எப்படி இருக்கும்? பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, டியூஷன். வொயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதியில் ஒரு பபிள் டீ. வார இறுதியில் டௌன்டவுன் ஈஸ்ட் அல்லது பூங்காவில் சைக்கிள். இரவில் புளோக்கின் கீழ்த்தளத்தில் கொஞ்ச நேரம் அரட்டை.

அந்த நாளில் எங்கேயும் போதைப்பொருள் ஒழிப்பு அதிகாரி குறுக்கே வரமாட்டார். வருபவர்கள் நண்பர், அண்ணன், ஆசிரியர், காற்பந்துப் பயிற்றுநர், எதிர்வீட்டு ஆன்ட்டி, கோப்பிக்கடை அங்கிள்.

இவர்களை ஒரே நோக்கத்துக்காக ஒன்றுசேர்ப்பதைத்தான் சமூகக் கூட்டணி என்கிறார்கள். சட்டம் ஒருவரைப் பிடிக்கும். ஆனால் பிடிபடுவதற்கு முன்புள்ள காலத்தையும், விடுபட்டு வந்த பிறகுள்ள காலத்தையும் யார் பார்த்துக்கொள்வது? கூட்டணியின் வேலை அங்கேதான்.

கூட்டணி என்றால் யார் யார்?

அமெரிக்காவில் 1997இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. உள்ளூர்க் கூட்டணிகளுக்கு மத்திய அரசு நிதி கொடுக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: 12 தரப்பினர் அதில் இருக்க வேண்டும்.

- இளையர்கள்
- பெற்றோர்
- பள்ளி
- இளையர்களுடன் வேலை செய்யும் அமைப்புகள்
- காவல்துறை
- மருத்துவத் துறை
- சமய அமைப்புகள்
- கடைக்காரர்கள், தொழில் செய்வோர்
- ஊடகம்
- தொண்டூழியர் குழுக்கள்
- அரசாங்க அமைப்புகள்
- போதைப்பழக்கத்துக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகள்

பட்டியலில் முதலில் வருவது இளையர்கள் என்பதைக் கவனித்தீர்களா? உங்களைப் பற்றிப் பேசும்போது நீங்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

இத்தனை பேர் ஏன்? ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். ஆசிரியருக்கு மாணவர் அடிக்கடி வகுப்புக்கு வராதது தெரியும். அம்மாவுக்கு மகன் இரவில் தூங்காதது தெரியும். துப்புரவு ஊழியருக்குப் படிக்கட்டில் என்ன கிடக்கிறது என்று தெரியும். நண்பருக்கு எல்லாமே தெரியும், ஆனால் யாரிடமும் சொல்லமாட்டார். துண்டுகள் சேராதவரை படம் தெரியாது.

சிங்கப்பூருக்கு இது புதிதா?

இல்லை. 50 ஆண்டுக்கும் மேற்பட்ட கதை.

மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு 1971 நவம்பரில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1972 ஆகஸ்ட்டில், தொண்டூழியர்களை நம்பி இன்னோர் அமைப்பு வந்தது. அதுதான் சானா எனப்படும் சிங்கப்பூர் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம். போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1973இல் வந்தது.

வரிசையைப் பாருங்கள். அதிகாரிகளும் தொண்டூழியர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் களத்தில் இறங்கினார்கள்.

அதற்குள் ஹெராயின் வேகமாகப் பரவிவிட்டது. அதன் தொடர்பில் கைதானவர்கள் 1972இல் வெறும் 4 பேர். 1974இல் 110 பேர். 1975இல் 2,263 பேர். 1976இல் 5,682 பேர். நான்கே ஆண்டில் நான்கிலிருந்து ஐயாயிரத்தைத் தாண்டியது. பெரும்பாலும் இளையர்கள்.

1977 ஏப்ரல் 1ஆம் தேதி 'ஃபெரட் நடவடிக்கை' தொடங்கியது. தீவு முழுவதும் சோதனை, கைது, மறுவாழ்வு நிலையங்கள். அதிகாரிகள் பிடித்தார்கள். நிலையத்திலிருந்து வெளியே வந்தவர்களைச் சந்தித்துப் பேசும் வேலையைச் சானா தொண்டூழியர்கள் செய்தார்கள்.

அந்த நாளில் பாசிர் ரிஸில் இப்போதைய புளோக்குகள் கிடையாது. கம்பங்களும் கடற்கரையும்தான். எம்ஆர்டி நிலையம் 1989 டிசம்பரில்தான் திறந்தது. கம்பத்தில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே போகிறது என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். புளோக்கில் கதவைச் சாத்திவிட்டால் அடுத்த வீட்டில் நடப்பது தெரியாது. கம்பத்தில் தானாக நடந்ததை இங்கே திட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

பாசிர் ரிஸ் மேசையில் யாரை உட்கார வைக்கலாம்?

மேலே உள்ள 12 தரப்பையும் கையில் வைத்துக்கொண்டு பாசிர் ரிஸைச் சுற்றி வாருங்கள்.

உயர்நிலைப்பள்ளிகள் இருக்கின்றன. தெம்பனிஸ் மெரிடியன் தொடக்கக் கல்லூரி இருக்கிறது. சமூக மன்றங்களும் அவற்றை நடத்தும் அடித்தளத் தலைவர்களும் இருக்கிறார்கள். அல்-இஸ்திக்ஃபார் பள்ளிவாசல் இருக்கிறது. லோயாங் துவா பெக் கோங் கோயிலில் சீனத் தெய்வங்களோடு விநாயகரும் இருக்கிறார். மருந்தகங்கள், உணவங்காடி, கடைத்தொகுதி எல்லாமே நடக்கும் தூரத்தில்.

ஆக, ஆள் பஞ்சம் இல்லை. இவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசும் அளவுக்குத் தெரிந்துவைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சமூகங்கள் இதற்கு முன்பே சில வழிகளைக் காட்டியிருக்கின்றன. 2017இல் மலாய்-முஸ்லிம் சமூகத்தில் 'டாடா இத்து ஹராம்' இயக்கம் தொடங்கியது. போதைப்பொருள் சமயத்தில் விலக்கப்பட்டது என்பது அதன் பொருள். ஒழிப்புப் பிரிவு சொல்வதைப் பள்ளிவாசலும் சமூக அமைப்புகளும் தங்கள் மொழியில் சொல்லின.

இந்தியச் சமூகத்தில் சிண்டா 1991 முதல் குடும்பங்களுக்கு உதவுகிறது. லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி ரோட்டில் அதன் அலுவலகம் உள்ளது. இந்து அறக்கட்டளை வாரியம் 'ஆசிரமம்' என்ற பெயரில் மறுவாழ்வு இல்லம் நடத்திய வரலாறும் உண்டு.

சரி, இதெல்லாம் வேலை செய்யுமா?

நியாயமான கேள்வி. மூன்று இடங்களைப் பார்ப்போம்.

*ஐஸ்லாந்து.* 1998இல் அங்கே 15, 16 வயது மாணவர்களில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. கஞ்சாவை எப்போதாவது பயன்படுத்தியவர்கள் 17 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள்.

என்ன செய்தார்கள்? மாணவர்களிடம் தவறாமல் கருத்தாய்வு நடத்தி, முடிவுகளை அந்தந்தப் பள்ளிக்கும் வட்டாரத்துக்கும் உடனே கொடுத்தார்கள். பெற்றோர் குழுவாக மாலையில் தெருவில் நடந்தார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் வெளியே இருக்கக்கூடாது என்றார்கள். தலைநகரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் விளையாட்டு, இசை வகுப்புகளுக்குப் பணம் கொடுத்தார்கள். 'வேண்டாம்' என்று சொன்னதோடு நிற்காமல் 'வேறென்ன செய்யலாம்' என்பதற்கும் வழி காட்டினார்கள்.

*அமெரிக்கா.* வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 சிறு நகரங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதியில் கூட்டணித் திட்டத்தைத் தொடங்கி, மற்றப் பாதியை அப்படியே விட்டார்கள். சில ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கூட்டணி இருந்த நகரங்களில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் புகைக்கவும் குடிக்கவும் தொடங்கியது குறைவாக இருந்தது.

அதே நாட்டில் காவல் அதிகாரிகள் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தும் திட்டமும் மிகப் பிரபலம். ஆனால் ஆய்வுகள் அதன் பலன் நாளடைவில் மங்கிவிடுவதாகவே சொல்லின. ஒரு மணி நேர உரை, ஒரு சட்டை, ஒரு சுவரொட்டி போதாது.

*தமிழ்நாடு.* சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிநோய்க்கும் போதைப்பழக்கத்துக்கும் சிகிச்சை தரும் அமைப்பு அது. கிராமத்து ஏழைகள் வாரக்கணக்கில் சென்னையில் தங்கிச் சிகிச்சை பெற முடியாது என்பது விரைவில் புரிந்தது. 1980களின் கடைசியில் சிகிச்சை முகாமைக் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடியில் அது நடந்தது.

அங்கே இடம், சாப்பாடு, ஆள் கூட்டிவருவது என எல்லாவற்றிலும் ஊர்க்காரர்கள் கைகொடுத்தார்கள். முகாம் முடிந்தபின் 'மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?' என்று கவனிக்க ஊரே இருந்தது. மருத்துவர் ஊரைவிட்டுப் போனாலும் ஊர் எங்கேயும் போகவில்லை.

மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்தவர்கள் அறிவைக் கொடுத்தார்கள். தினமும் பார்ப்பவர்கள் வேலையைச் செய்தார்கள்.

இப்போது ஏன் இது அவசரம்?

சிங்கப்பூரில் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் தலா 3,100க்கும் மேற்பட்ட போதைப்புழங்கிகள் கைதானார்கள். புதிதாகப் பிடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 30 வயதுக்கும் குறைவானவர்கள்.

பொருளும் மாறிவிட்டது. முன்பு ஊசி, புகை, தூள் என்றால் பார்த்தவுடன் தெரியும். இப்போது 'கேபாட்' வந்திருக்கிறது. மின்சிகரெட்டுக்குள் எடோமிடேட் கலந்த திரவம். எடோமிடேட் என்பது மருத்துவமனையில் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தக் கொடுக்கும் மருந்து. அதை வேப் வழியாக இழுப்பவர்கள் தள்ளாடுகிறார்கள், கை கால் உதறுகிறது, நினைவு தப்புகிறது.

ஒரு பேனா அளவுதான். பழ வாசனை. பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. 'சும்மா வேப்தானே' என்று வாங்குபவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகலாம்.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் எடோமிடேட் 'சி' வகைப் போதைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டது. முதல்முறை பிடிபட்டால் 18 வயதுக்குக் கீழ் 500 வெள்ளி, அதற்குமேல் 700 வெள்ளி அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. அதோடு மறுவாழ்வுத் திட்டத்திலும் சேர வேண்டும்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. சில சமூக மன்றங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. வேப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். விட வேண்டும் என்று தாமாக உதவி தேடி வருவோருக்கு அபராதம் இல்லை என்றும் சொல்லப்பட்டது.

சட்டம் ஒரு கையை ஓங்கியது, சமூக மன்றம் ஒரு கையை நீட்டியது. இரண்டும் சேர்ந்தால்தான் 16 வயதுப் பிள்ளைக்குத் திரும்பிவர ஒரு வழி கிடைக்கும்.

ஆனால் சொல்வதற்குப் பயமாக இருக்கிறதே?

இருக்கும். அந்தப் பயத்தை மறைத்துப் பேசினால் யாருக்கும் பயனில்லை.

சிங்கப்பூரில் ஒருவர் போதைக்கு அடிமையாகியிருப்பதாக மருத்துவர் சந்தேகித்தால், ஒழிப்புப் பிரிவுக்கு அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்பது விதி. அதனால் பலர் மருத்துவரிடமே போகத் தயங்குகிறார்கள். பெற்றோரும் 'வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்' என்று மூடி மறைக்கிறார்கள். பழக்கம் முற்றுகிறது. பிறகு ஒருநாள் கதவைத் தட்டுவது அதிகாரியாக இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்:

- 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வேறு குற்றம் எதுவும் செய்யாமல் போதைப்பொருளை உட்கொள்ள மட்டும் செய்தவர்கள் பொதுவாகச் சிறைக்குப் பதிலாக மறுவாழ்வுக்கு அனுப்பப்படுகிறார்கள்.
- முதல்முறைப் புழங்கி தாமாக முன்வந்து உதவி கேட்டால் அவர்மீது பொதுவாக வழக்குத் தொடுக்கப்படுவதில்லை.
- அதற்காக எதுவுமே நடக்காது என்று அர்த்தமில்லை. ஆலோசனை, சிறுநீர்ப் பரிசோதனை, கண்காணிப்பு இருக்கும். மறுவாழ்வு நிலையத்தில் தங்கவும் நேரலாம்.
- போதைப்பொருள் கடத்துவது முற்றிலும் வேறு. அளவைப் பொறுத்து மரண தண்டனைவரை போகும்.
- சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் குற்றம்தான். தாய்லந்து 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. 'அங்கே ஓகே' என்று யாராவது சொன்னால், இங்கே ஓகே இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே சொன்னால் கொஞ்சம் கஷ்டம். பிந்திச் சொன்னால் பெரிய கஷ்டம். கூட்டணி அந்த இடைவெளியைத்தான் குறைக்கப் பார்க்கிறது. சுடச்சுடத் தீர்ப்புச் சொல்லாமல் காது கொடுக்கும் ஒரு பெரியவர் அக்கம்பக்கத்தில் இருந்தால், அந்த முதல் வார்த்தை சீக்கிரம் வெளியே வரும்.

வெளியே வந்த பிறகு என்ன ஆகும்?

சாங்கிச் சிறை வளாகம் பாசிர் ரிஸுக்குப் பக்கத்தில்தான். செலராங் மறுவாழ்வு இல்லமும் அருகில்தான். சிறைத் துறை நடத்தும் அந்த இல்லம் 2019 முதல் இயங்குகிறது. தண்டனையின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் அங்கே தங்கி, பகலில் வேலைக்குப் போய் வரலாம்.

நீங்கள் எம்ஆர்டியில் போகும்போது எதிரே அமர்ந்திருப்பவர் அப்படி வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

1998இல் விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் சிறைக்கோ மறுவாழ்வு நிலையத்துக்கோ திரும்பினார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது.

நடுவே என்ன நடந்தது? 2000ஆம் ஆண்டில் அரசு அமைப்புகளும் தொண்டு அமைப்புகளும் 'கேர்' கட்டமைப்பின்கீழ் ஒன்றுசேர்ந்தன. 2004இல் மஞ்சள் நாடாத் திட்டம் வந்தது. 2010 முதல் மஞ்சள் நாடாச் சமூகத் திட்டத்தில் பயிற்சி பெற்ற அடித்தளத் தொண்டூழியர்கள் கைதிகளின் வீட்டுக்கே போகிறார்கள். கைதி சம்மதித்தால் மட்டுமே போவார்கள். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிச் செலவு, வயதான அம்மாவின் மருந்து என்று கேட்டு உதவிக்கு வழிசெய்கிறார்கள்.

இதற்கும் போதைக்கும் என்ன சம்பந்தம்? உள்ளே இருப்பவருக்கு வீடு சிதறவில்லை என்று தெரிந்தால், வெளியே வந்ததும் போக ஓரிடம் இருக்கும். போக இடமில்லாதவர் பழைய நண்பர்களிடம்தான் போவார்.

ஆனால் ஐந்து ஆண்டுக் கணக்கு எடுத்தால் மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோர் திரும்பிப் போகிறார்கள். முதல் இரண்டு ஆண்டு எல்லாரும் கவனிக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் மறந்துவிடுகிறார்கள். நீண்டகாலம் கூட நிற்பதற்கு அரசாங்கத் திட்டத்தைவிட அண்டை அயலார் பொருத்தமானவர்கள்.

உங்கள் நண்பர் சிக்கியிருந்தால்?

பிடிபடும் முன்னால் நிலைமையை அறிந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். அப்போது:

- தனியாகப் பேசுங்கள், குழு சாட்டில் வேண்டாம். 'ஏன்டா இப்படி?' என்பதைவிட 'நீ சரியா இல்லைன்னு தோணுது, என்ன ஆச்சு?' என்பது கதவைத் திறக்கும்.
- அவர் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ யோசிக்காமல் 995ஐ அழையுங்கள்.
- 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்டால் அதைக் காப்பாற்ற முடியாது.
- அவருடைய பொருளை உங்கள் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நல்லெண்ணம் இருந்தாலும் சட்டம் உங்களையும் பிடிக்கும்.
- நம்பும் ஒரு பெரியவரைக் கூட்டுச் சேருங்கள். பள்ளி ஆலோசகர், சித்தி, பயிற்றுநர் என யாராக இருந்தாலும் சரி. தனியாகச் சுமக்காதீர்கள்.
- மறுவாழ்வு முடிந்து திரும்பி வந்தால் பழையபடி காற்பந்துக்குக் கூப்பிடுங்கள். 'இப்போ எப்படி?' என்று மூன்றாம் ஆண்டிலும் கேளுங்கள்.

யாரை அழைக்கலாம்?

- தேசியப் போதைப்பழக்க நிர்வாகச் சேவை: 6732 6837
- மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு: 1800 325 6666
- வேப், சிகரெட்டை விட: 1800 438 2000
- மனநல ஆதரவு: 1771
- சிண்டா: 1800 295 4554

2024 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, போதைப்பொருளால் பாதிக்கப்பட்டோர் நினைவு நாளாக அனுசரிக்கப்படுகிறது. புழங்கியவர்களோடு அவர்களின் பெற்றோரையும் பிள்ளைகளையும் நினைக்கும் நாள் அது. அன்று உங்கள் சமூக மன்றத்தில் நிகழ்ச்சி இருந்தால் போய்ப் பாருங்கள். பச்சை, வெள்ளை நாடாவை வாங்கிக் குத்திக்கொள்வதோடு திரும்பிவிடாதீர்கள். 'எங்க புளோக்கில இதைப் பார்த்துக்கிற குழு இருக்கா? நானும் சேரலாமா?' என்று கேளுங்கள்.